எட்டு அறையும் ஒரு திண்ணையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விருந்தோம்பல் தொழில்: அன்றும் இன்றும்' என்று ஒரு பெரிய தலைப்பைச் செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார். தலைப்பைப் பார்த்தால் யாரோ ஐந்து நட்சத்திர ஓட்டல் முதலாளியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். நான் நடத்துவது பாம்பனில் எட்டு அறை கொண்ட ஒரு பழைய லாட்ஜ். எங்களிடமும் நட்சத்திரம் உண்டு. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தால் எண்ணி முடியாது.

முதலில் அந்த லாட்ஜ் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தாத்தா கட்டியது. சுவர் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை முழம் கனம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். மேலே தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ். கீழே சிவப்பு சிமெண்ட் தரை. பலர் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வாசலில் நீளமாக ஒரு திண்ணை. மூன்றாம் நம்பர் ரூம் கதவு மழைக்காலத்தில் சாத்தாது, கோடையில் திறக்காது. ஆறாம் நம்பர் ரூம் ஜன்னலைத் திறந்தால் கடலும் பாலமும் தெரியும், ஒருமுறை தங்கியவர்கள் மறுமுறை போனில் கேட்பதே, "அண்ணே, ஆறாம் நம்பர் காலியா?" என்றுதான்.

அந்தக் கட்டடத்தை இன்று திரும்பக் கட்ட முடியாது. பவளப்பாறையை வெட்டி எடுப்பது சட்டப்படி குற்றம். அது சரிதான், கடலுக்கு அது வேண்டும். இன்னொரு காரணம் உப்புக்காற்று. உலகத்திலேயே இரும்பை வேகமாக அரிக்கும் கடற்கரைகளில் பாம்பனும் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் வீடுகளில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. சுண்ணாம்புச் சுவருக்குள் கம்பியே இல்லை. துருப்பிடிக்க என்ன இருக்கிறது?

சரி, இந்தச் சின்ன ஊரில் லாட்ஜ் எதற்கு என்று கேட்பீர்கள். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. அன்றைக்குப் பாம்பன் ஒரு ஜங்ஷன். ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரியும். சென்னையிலிருந்து போட் மெயிலில் வருகிறவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். இணைப்பு ரயிலைத் தவற விட்டவருக்கு ஒரு கட்டில் வேண்டும். அப்புறம் காற்று. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்றடித்தால் பழைய பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். தீவுக்குள் வந்தவர் வெளியே போக வேறு பாதை கிடையாது. "காத்து நமக்கு ஏஜெண்டு" என்று தாத்தா சிரிப்பாராம்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டு போயிற்று. பாலத்தின் 126 கர்டர்கள் சாய்ந்தன. ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலையை, பின்னாளில் டெல்லி மெட்ரோவால் புகழ்பெற்ற ஸ்ரீதரன் இளம் பொறியாளராக இருந்து 46 நாளில் முடித்துக் காட்டினார். பாலம் எழுந்தது, தனுஷ்கோடிப் பாதை எழவில்லை. ஜங்ஷன் வெறும் ஸ்டேஷன் ஆயிற்று. 1988 அக்டோபர் 2-இல் சாலைப் பாலம் திறந்தது. ஊருக்கே திருநாள்; எங்கள் லாட்ஜுக்கு மட்டும் அரைத் துக்கம். பஸ்ஸும் காரும் எங்களைத் தாண்டி நேராக ராமேஸ்வரம் போயின. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப் பாலம் திறக்கும்வரை ரயில் தீவுக்குள் வரவில்லை. எங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினால் இந்தத் தேதிகள் எல்லாம் தெரியும். சில பக்கங்களில் வரி நிறைய இருக்கும். சில பக்கங்களில் தேதி மட்டும் இருக்கும்.

நண்பர்களே! எங்கள் பக்கத்துச் சாலையில் பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் சொல்லும் ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பரமக்குடி தாண்டினால் சத்திரக்குடி. ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டினால் மண்டபம். கடலைத் தாண்டினால் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம். தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரம். சத்திரம், மண்டபம், மடம்! சேது யாத்திரை போகிறவன் கால் நீட்டிப் படுத்த இடமெல்லாம் ஊராகிவிட்டது. கட்டடம் விழுந்த பிறகும் பெயர் படுக்கை விரித்துக்கொண்டு காத்திருக்கிறது.

சேதுபதி மன்னர்கள் இந்த வழியில் பல சத்திரங்களைக் கட்டி, நிலம் எழுதி வைத்தார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்களும் அப்படித்தான். ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டியது. பிற்காலத்தில் அது மாணவர் விடுதியாகவும் இருந்தது. அந்தச் சரபோஜி 1801-இல் தஞ்சையிலிருந்த கும்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்சி கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. எதை விட்டாலும் சத்திரங்களை மட்டும் தம் பொறுப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கிற கடிதம் அது. அங்கே என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கனானாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமானும் கொடுக்கப்படும். நோய்ப்பட்டு வந்தால் மருத்துவர் இருப்பார். குணமாகும்வரை பத்தியச் சாப்பாடு. கர்ப்பிணிக்குப் பிரசவ உதவி. பெற்றவர் வழியில் இறந்துபோனால் பிள்ளையைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைத்துப் படிக்க வைப்பார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு நடு இரவில் ஒரு மணி அடிப்பார்களாம். எதற்கு? இன்னும் சாப்பிடாதவன் எவனாவது வழியில் இருந்தால் வந்து சாப்பிடட்டும் என்று!

நாட்டை இழந்த ஒரு ராஜா, சத்திரத்துக்காகக் கடிதம் எழுதுகிறார். நான் வரலாறு படித்தவன் அல்ல, வணிகவியல். ஆனாலும் இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பல சத்திரங்களில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. எல்லாருக்கும் சோறு உண்டு. எல்லாருக்கும் ஒரே இடம் இல்லை. எங்கள் லாட்ஜுக்கே அந்தக் காலத்தில் சிலர் வந்து, "இந்தக் கட்டில்ல இதுக்கு முன்னாடி யாரு படுத்திருந்தா?" என்று கேட்பார்களாம். தாத்தா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வாடகை குடுத்தவரு படுத்திருந்தாரு. நீங்க குடுத்தா நீங்க" என்பாராம்.

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுச் செய்தி. இங்கிலாந்தில் மால்மெஸ்பரி என்று ஒரு சின்ன ஊர். பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று அங்கே உண்டு. மடத்தை ஒட்டி ஓல்டு பெல் என்று ஒரு ஓட்டல். 1220-இல் தொடங்கியது, இங்கிலாந்திலேயே பழையது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் வாசல் சத்திரத்துக்கு ஒன்றுவிட்ட பங்காளி! என்ன வித்தியாசமென்றால், அவர்கள் ஊரில் இப்படிப்பட்ட பழைய விடுதிகளில் இன்றும் ஆள் தங்குகிறார்கள். தரை சரிந்திருக்கும், கதவு நிலையில் தலை இடிக்கும். அதற்காகவே காசு கொடுத்து வருகிறார்கள். புழங்குகிற வீடு நிற்கும், பூட்டின வீடு விழும் என்பது நம் பாட்டிமார் சொன்னதுதானே?

அந்த நாட்டில் பழைய சட்ட மரபு ஒன்று இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் விடுதிக்காரன் வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1943-இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் ஆட்டம் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு லண்டன் வந்தார். இம்பீரியல் ஓட்டலில் முன்பதிவு செய்திருந்தார். கறுப்பர் என்பதால் தொடர்ந்து தங்க விட மறுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1944-இல் தீர்ப்பு அவர் பக்கம். கிடைத்த நஷ்டஈடு ஐந்து கினி, பெயருக்கு ஒரு தொகை. ஆனால் அந்தத் தீர்ப்பு நின்றது. நமது அரசியல் சட்டமும் 15-ஆம் பிரிவில் ஓட்டலை எழுதி வைத்திருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று சொல்லி யாரையும் ஓட்டலுக்குள் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது. மாணவர்களே, பேரறிஞர்கள் கூடி ஒரு நாட்டுக்குச் சட்டம் எழுதும்போது லாட்ஜ் வாசலையும் நினைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனுக்கு மரியாதை இருக்கிறதா இல்லையா என்பது ராத்திரி பத்து மணிக்கு, பெட்டியும் கையுமாக நிற்கும்போதுதான் அவனுக்கே தெரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1979-இல் இந்தக் கல்லூரியில் சேர நானும் என் அம்மாவும் வந்தோம். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. ரயில் தாமதமாகி, இந்த ஊருக்கு வந்து சேரும்போது ராத்திரி பதினொன்று. காலை ஒன்பது மணிக்கு இண்டர்வியூ. ஒரு லாட்ஜில் ஏறிக் கேட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஒரு பார்வை, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆம்பளைத் துணை இல்லாம வர்ற பொம்பளைங்களுக்கு ரூம் குடுக்கிறதில்லை" என்றார். நான் ஆம்பளைக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது! எட்டு அறைக்குச் சொந்தக்காரி, ஒரு அறை கிடைக்காமல் தெருவில் நின்றாள்.

நடந்தே கல்லூரி வாசலுக்கு வந்தோம். அன்றைக்கு இருந்த வாட்ச்மேன் அண்ணன் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா நடுராத்திரியில நிக்கிறீங்க? வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய், நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய விருந்தினர் இல்லத்தைத் திறந்து விட்டார். ஒரு பாய், ஒரு செம்பு தண்ணீர். அவருக்கு அதற்கு அதிகாரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை என்னிடம் கேட்டது இந்தக் கல்லூரியின் ரேங்க்கை அல்ல, "அந்த வாட்ச்மேன் தம்பி நல்லா இருக்காரா?" என்பதைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா ஒரு காரியம் செய்தார். எட்டாம் நம்பர் ரூமைத் தனியாக எடுத்து வைத்தார். தனியாக வரும் பெண்களுக்கு, பிள்ளையோடு வரும் தாய்க்கு அந்த ரூம். மற்ற ஏழும் நிறைந்தாலும் ராத்திரி கடைசி வண்டி வரும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அப்பா, "வருமானம் போகுதே" என்றார். "போகட்டும், எட்டுல ஒண்ணுதானே" என்றார் அம்மா. இன்றுவரை அப்படித்தான்.

அப்பாவுக்கும் ஒரு சட்டம் உண்டு. கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால், வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கரையில் காத்திருப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம். "கடலைப் பார்த்துக் காத்திருக்கிறவங்ககிட்ட வாடகை வாங்காதே" என்பார். நானும் வாங்குவதில்லை. சில பேர் படகு வந்துவிட்ட சந்தோஷத்தில் மீனைக் கூடையோடு கொண்டுவந்து இறக்குவார்கள். சில பேர் ஒன்றும் பேசாமல் விடியற்காலையில் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாவி திண்ணையில் இருந்தால் எங்களுக்குப் புரிந்துவிடும்.

தங்குவது என்பது எல்லாருக்கும் உல்லாசம் அல்ல என்பதை எங்கள் கடற்கரை நன்றாக அறியும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். 1983-க்குப் பிறகு அதே மண்டபத்தில் அகதிகள் தங்கினார்கள். 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது கைக்குழந்தையோடு மறுபடியும் வந்து இறங்கினார்கள். ஒரே இடம், வெவ்வேறு காலம், அதே மூட்டை முடிச்சு.

இப்போது செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டுத் தீர்மானங்களில் ஒன்று, நூலகத்துக்குப் பின்னாலுள்ள பழைய விருந்தினர் இல்லத்தை இடித்து வாகன நிறுத்தம் அமைப்பது. வாகன நிறுத்தம் தேவைதான், மறுக்கவில்லை. காலையில் நான் போய் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். தொழில்காரன் கண்ணோடுதான் பார்த்தேன். அஸ்திவாரம் இறங்கவில்லை. சுவரில் விரிசல் மேற்குப் பக்கம் மட்டும். ஓடு மாற்ற வேண்டும், இரண்டு சட்டம் செல்லரித்திருக்கிறது. ஐந்து அறைகளில் மூன்றை இந்தக் கோடைக்குள் பழுது பார்த்துவிடலாம்.

யாருக்கு அந்த அறைகள்? ஆட்களைக் காட்டுகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள். ஆன்லைனில் ரூம் போட அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த வாடகை கட்டுப்படியாகாது. தேர்வு எழுத வரும் தொலைதூர மாணவிகளுக்கும் இதே கதை. அவர்களுக்கு ஒரு பாய், ஒரு விளக்கு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. இவ்வளவுதான் வேண்டும்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கம் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து, தங்க வைத்து, கூலி கொடுத்து, அந்த விரிசலைச் சரிசெய்வது என் செலவு. மூன்று அறைகளின் முதல் வருஷப் பராமரிப்பும் என் பொறுப்பு. மீதி இரண்டு அறைகளையும் ஓட்டையும் நண்பர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ரிஜிஸ்டர் எழுதட்டும். யார் வந்தார், எந்த ஊர், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அடையாள அட்டையைச் சரி பாருங்கள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். ராத்திரி வந்து நிற்கிறவரிடம் கதை கேட்கக் கூடாது. முதலில் தண்ணீர், அப்புறம் கையெழுத்து. இதுதான் எங்கள் தொழிலின் மொத்தப் பாடம். மூன்று தலைமுறையாகச் சேர்த்த இந்தப் பாடத்தை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

வண்டி நிறுத்த வேறு இடம் பார்க்கலாம். விளையாட்டுத் திடலின் கிழக்கே காலி இடம் கிடக்கிறது. தீர்மானத்தின் மேல் மாலையில் வாக்கெடுப்பு இருக்கிறது. கை தூக்குமுன் ஒரு ஐந்து நிமிடம் நூலகத்துக்குப் பின்னால் போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் மனசு எப்படிச் சொல்கிறதோ அப்படி.

பாம்பன் பக்கம் வந்தால் வாருங்கள். ஆறாம் நம்பர் வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.